டயாலிசிஸ் நீரும் கோவளத்து உப்பங்கழியும்

சென்ற மாதம் எமது டயாலிசிஸ் பிரிவின் வாயிலில் காத்திருந்த இளைஞர் ஒருவர், செய்தித்தாளை மடித்துவிட்டு எங்களிடம் கேட்டார்: "டாக்டர், கோவளம் பக்கத்துல புது ஏரி வருதாமே, அந்தத் தண்ணி நம்ம மெஷினுக்கு வருமா?" அவருடைய தாயார் உள்ளே படுக்கையில் இருந்தார். கேள்வி எளியது; விடை அத்தனை எளியதன்று.

திருப்போரூரை ஒட்டிய கோவளம் உபவடிநிலத்தில் புதிய நீர்த்தேக்கம் அமைக்கப்படும் என்று 2025 மார்ச் மாதம் தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. செலவு சுமார் ரூ.350 கோடி, கொள்ளளவு 1.6 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். மழைக்காலத்தில் கடலுக்குச் செல்லும் உபரி வெள்ளத்தைத் தேக்கிச் சென்னைப் பகுதியின் குடிநீருக்குப் பயன்படுத்துவது திட்டம். ஆகவே அந்த இளைஞருக்கு, "முதலில் சென்னைக்கு, நமக்கு எப்போது என்று சொல்வதற்கில்லை" என்றே கூற முடிந்தது.

ஆயினும் அவர் கேட்டது சரியான இடத்தில்தான். டயாலிசிஸ் இயந்திரத்தில் நிமிடத்துக்கு 500 மில்லி லிட்டர் வீதம் நான்கு மணி நேரம் திரவம் ஓடுகிறது. அதாவது ஒருமுறைக்கு 120 லிட்டர். வாரம் மும்முறை எனில் 360 லிட்டர். சுத்திகரிப்பில் கழிந்துபோகும் நீர் இக்கணக்கில் சேரவில்லை. நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் பருகாதீர்கள் என்று நாம் கண்டிப்புடன் அறிவுறுத்தும் அதே நோயாளிக்குத்தான் இத்தனை நீரும் தேவைப்படுகிறது. நாம் குடிக்கும் நீரைக் குடல் வடித்து ஏற்கும். டயாலிசிஸ் நீருக்கும் குருதிக்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்றே உள்ளது. நீரில் உள்ள பிழை நேரே குருதியைச் சென்றடையும்.

இதை நாங்கள் ஒரு மே மாதத்தில் கற்றோம். ஆழ்துளைக் கிணறு வற்றியதால் லாரி நீர் வாங்க வேண்டியதாயிற்று. வந்த நீர் வழக்கத்தைவிட மும்மடங்கு உப்பு. எமது ஆர்.ஓ. அமைப்பால் தாங்க இயலவில்லை, மானி எச்சரிக்கை ஒலித்தது, இயந்திரங்களை நிறுத்தினோம். காலை ஆறு மணி முறைக்கு வந்தவர்கள் பிற்பகல் மூன்று வரை காத்திருந்தனர். அவர்களுள் ஓர் அம்மையாருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறத் தொடங்கியது. ஆக்சிஜன் வைத்துக்கொண்டு வேறிடத்திலிருந்து நீர் வரும்வரை கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றோம். அவர் பிழைத்தார். குற்றம் லாரிக்காரருடையது மட்டுமன்று. நீரைத் தொட்டியில் இறக்குமுன் சோதிக்கும் வழக்கம் அன்று எங்களிடம் இல்லை. இன்று உண்டு.

நம் கடற்கரையில் நீர் உப்பாவதற்கு ஓர் எளிய இயற்பியல் காரணம் இருக்கிறது. மணலுக்கடியில் மழைநீர், கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் சற்று இலேசானது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழத்துக்கு உப்புநீர் தள்ளிவைக்கப்படும். மேலே ஓரடியை உறிஞ்சி எடுத்தால், கீழிருந்து உப்பு நாளடைவில் நாற்பதடி ஏறிவரும். கடலோரச் சாலை நெடுகிலும் எத்தனை மோட்டார்கள் ஓடுகின்றன என்பதை வாசகர் அறிவர்.

நம் வட்டத்திலேயே உள்ள நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலையும் திறக்கப்பட்டது. அங்கும் ஆர்.ஓ. சவ்வுதான், எமது பிரிவின் பின்னறையில் உள்ளதன் பெரிய அண்ணன். ஆனால் அது மின்சாரத்தை மிகுதியாக உண்கிறது; செறிந்த உப்புநீரைக் கடலுக்கே திருப்பி அனுப்புகிறது. மழைநீரைத் தேக்குவது இதனினும் மலிவு என்பதில் ஐயமில்லை.

எனினும் உப்பங்கழி வெற்றிடம் அன்று. இறால் குஞ்சுகளும் நண்டும் வளர்வது உப்பும் நன்னீரும் கலக்கும் அந்நீரில்தான். பூநாரைகள் வந்திறங்குவதும் அங்கேதான். அதை நன்னீராக்கினால் பிழைப்புப் போகும் என்று மீனவர்கள் எதிர்க்கின்றனர். இதனை மருத்துவத்துக்குப் புறம்பான செய்தியாக எங்களால் கருத முடியவில்லை. வலையில் வருமானம் குறைந்த வீட்டில் முதலில் தவறுவது டயாலிசிஸுக்கான ஆட்டோ கட்டணமே.

மற்றுமோர் அச்சமும் உண்டு. கழிவுநீரின் சத்துகள் சேர்ந்து வெயிலில் தேங்கும் நீரில் நீலப்பச்சைப் பாசி பெருகும். அதன் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். 1996-இல் பிரேசில் நாட்டின் கருவாரு நகரில் அத்தகைய நீர்த்தேக்க நீர், போதிய சுத்திகரிப்பின்றி லாரிகளில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்குச் சென்றது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் மாண்டனர். நீர்த்தேக்கம் வருமாயின், அதில் கலக்கும் கழிவுநீர் முதலில் நிறுத்தப்பட வேண்டும். நீர்ச் சோதனை முடிவுகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கரை எழும்பிய பின் கேட்பதினும் இப்போதே கேட்பது நன்று.

இனி வீட்டுக்கு வருவோம். கிணற்று நீர் கரித்தால் காய்ச்சிக் குடிக்கிறோம் எனப் பலர் கூறுகின்றனர். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாவதால் சற்றுச் செறிவாகவும் செய்யும். லிட்டருக்கு 300 மில்லி கிராம் சோடியம் உள்ள நீரை நாள்தோறும் இரண்டு லிட்டர் பருகுபவர், ஒன்றரை கிராம் சமையல் உப்பைக் கூடுதலாக உண்கிறார். நாள் முழுமைக்கும் ஐந்து கிராமுக்குக் குறைவாக என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயை விலக்கியும் இரத்த அழுத்தம் இறங்காத சிலரிடம் நாங்கள் குடிநீரைப் பற்றி விசாரிப்பது இதனால்தான். வங்கதேசத்தின் கடலோரத் தாக்கோப் பகுதியில், உப்பு மிகுந்த நீரைப் பருகிய கருவுற்ற பெண்களிடையே உயர் இரத்த அழுத்தம் கூடுதலாகக் காணப்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

ஆகவே இரத்த அழுத்தமோ சிறுநீரகக் குறையோ உள்ளவர்களும் கருவுற்றோரும் அடுத்த வருகையின்போது வீட்டில் குடிக்கும் நீரை, கழுவிய ஒரு லிட்டர் பாட்டிலில் நிரப்பி எடுத்து வாருங்கள். கிணறா, குழாயா, கேனா என்று மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். டயாலிசிஸ் பிரிவில் உள்ள மானியில் உப்பளவைப் பார்த்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும், இதற்குக் கட்டணமில்லை.