கழுகுகள் கைவிட்ட கோபுரங்கள்

மாட்டுக்குக் கொடுத்த வலி மருந்து பார்சிகளின் இறுதிப் பயணத்தையே குலைத்துவிட்டது. சடங்கு மாறினால் ஆன்மாவின் கதி என்ன என்ற கேள்வி நாவலிலிருந்து நீதிமன்றம்வரை போயிருக்கிறது.

மும்பை மலபார் ஹில்லில் ஒரு சதுர அடி நிலத்தின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அங்கே சுமார் 55 ஏக்கரில் ஒரு காடு இன்னும் தப்பிப் பிழைத்திருக்கிறது. காரணம், அது இறந்தவர்களின் இடம். டூங்கர்வாடி எனப்படும் இந்த வளாகத்தில்தான் பார்சிகளின் 'மௌன கோபுரங்கள்' இருக்கின்றன. 17-ம் நூற்றாண்டு முதல் மும்பைப் பார்சிகள் தங்கள் சடலங்களை இங்கே கழுகுகளிடம் ஒப்படைத்து வந்தார்கள். இப்போது சடலங்கள் வருகின்றன. கழுகுகள்தான் வருவதில்லை.

வெளியாருக்கு விநோதமாகத் தெரியும் இந்த வழக்கத்துக்குப் பின்னால் தெளிவான தர்க்கம் இருக்கிறது. ஜொராஸ்ட்ரிய மதத்தில் நெருப்பு, நீர், மண் மூன்றும் புனிதமானவை. சடலமோ தீட்டு. எனவே எரிக்கவும் கூடாது, புதைக்கவும் கூடாது. கூரையில்லாத வட்டமான கோபுரத்தில் மூன்று வளையங்கள்: வெளி வளையம் ஆண்களுக்கு, நடு வளையம் பெண்களுக்கு, உள் வளையம் குழந்தைகளுக்கு. கழுகுகள் தின்றதுபோக மிஞ்சும் எலும்புகள் வெயிலில் காய்ந்து நடுவிலுள்ள கிணற்றில் சேரும். செல்வந்தரானாலும் ஏழையானாலும் முடிவு ஒன்றே. இறந்த பிறகும் பிற உயிருக்கு உணவாகும் கடைசி தானம் இது என்று பெருமைப்படுபவர்களும் உண்டு.

ஆன்மாவின் பயணம் தனி. மூன்று நாட்கள் அது உடலின் அருகிலேயே இருக்கும். நான்காம் நாள் விடியலில் சின்வத் பாலத்தை அடையும். அங்கே அதன் மனசாட்சியே ஒரு பெண் உருவில் எதிரே வரும். நல்லவருக்கு அழகி, தீயவருக்கு அவலட்சணமானவள். நல்லவருக்குப் பாலம் அகன்று வழிவிடும். தீயவருக்குக் கத்தி முனையாகக் குறுகும்.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி முறிந்தது 1990-களில். ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் கழுகுகள் செத்து விழுவதை முதலில் விஞ்ஞானிகள் கவனித்தார்கள். 2004-ல் காரணம் பிடிபட்டது: டைக்ளோஃபினாக். இந்த மருந்து உடலில் இருக்கும்போது இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. 2007-க்குள் வெண்முதுகுக் கழுகுகளில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டன. 2006-லேயே கால்நடைகளுக்கு இந்த மருந்து தடைசெய்யப்பட்டது. ஆனால் கழுகு பொதுவாக வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும். இழந்ததை ஈடுகட்டப் பல தலைமுறைகள் ஆகும்.

டூங்கர்வாடியில் இதன் விளைவு கொடூரமாக இருந்தது. வெயிலைக் குவித்துச் சடலத்தை உலர்த்தும் கருவிகள் பொருத்தப்பட்டன. ஆனால் மும்பையின் மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? 2006-ல் கோபுரத்தினுள் அழுகிக் கிடந்த உடல்களின் புகைப்படங்கள் வெளியானபோது சமூகமே அதிர்ந்தது.

ரோஹின்டன் மிஸ்திரி 1991-ல் வெளியிட்ட 'சச் எ லாங் ஜர்னி' நாவலில் நிலைமை நேர் எதிர். 1971-ன் பம்பாயில் நடக்கும் அந்தக் கதையில், கழுகுகள் பால்கனிகளில் சதைத் துணுக்குகளைப் போட்டுவிடுவதாக அடுக்குமாடிவாசிகள் புகார் சொல்கிறார்கள்.

அவருடைய தம்பி சைரஸ் மிஸ்திரி 2012-ல் எழுதிய 'க்ரானிக்கிள் ஆஃப் எ கார்ப்ஸ் பேரர்', கோபுரத்துக்குச் சடலத்தைச் சுமந்து செல்லும் 'காந்தியா'க்களின் கதை. பூசாரியின் மகன் ஒருவன் சடலம் சுமப்பவரின் மகளைக் காதலிக்கிறான். அவளை மணக்க அவனும் அதே தொழிலுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. அதன்பின் அவன் தன் சமூகத்துக்கே தீண்டத்தகாதவன். சாதியில்லாத சமூகம் என்று சொல்லிக்கொள்பவர்களின் மனசாட்சியை உறுத்திய இந்த நாவல் 2015-க்கான சாகித்ய அகாதெமி விருதைப் பெற்றது. பிறர் ஆன்மா கரையேறத் தோள் கொடுப்பவனை எட்டி நிற்கச் சொல்வது என்ன நியாயம் என்ற அதன் கேள்வி பார்சிகளுக்கு மட்டுமானதல்ல. நம் ஊர் வெட்டியான்களும் அதைக் கேட்கலாம்.

கோவிட் வந்தபோது பிரச்சினை டெல்லிக்குப் போனது. தொற்றில் இறந்தவர்களைப் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும் என்றது மத்திய அரசின் விதி. இரண்டுமே பார்சிகளுக்கு விலக்கு. சூரத் பார்சி பஞ்சாயத்தின் மனுவை 2021-ல் குஜராத் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் பார்சியான ஃபாலி நரிமன் வாதாடினார். 2022 பிப்ரவரியில் சமரசம் ஏற்பட்டது: பறவைகள் சடலத்தை நெருங்காதபடி கோபுரத்தின் மேல் உலோக வலை கட்ட வேண்டும். பறவைகளுக்காகவே திறந்து வைக்கப்பட்ட கூரைக்கு வலை! வெயில் மட்டும் உள்ளே வரலாம்.

எரிப்பதே மேல் என்று முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பிரார்த்தனை செய்வது யார்? அப்படிச் செய்த இரு பூசாரிகள் டூங்கர்வாடியில் சடங்கு நடத்த 2009-ல் மும்பை பார்சி பஞ்சாயத்து தடை விதித்தது. அந்தத் தடை 2011-ல் உயர் நீதிமன்றத்தில் அடிபட்டுப்போனது. 2015-ல் வொர்லி மயானத்தில் பார்சிகளும் பயன்படுத்தும் பிரார்த்தனைக் கூடம் திறக்கப்பட்டது. 2022-ல் விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரிக்கும் (நாவலாசிரியரின் பெயரையே கொண்ட வேறொருவர்), 2024-ல் ரத்தன் டாடாவுக்கும் இறுதிச் சடங்கு நடந்தது வொர்லியில்தான்.

பழைமைவாதிகளின் வாதத்தை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் பார்சிகள் 57,264 பேர்தான். இத்தனை சிறிய சமூகம் ஒவ்வொரு வழக்கமாகக் கைவிட்டால் கடைசியில் பெயர் மட்டுமே மிஞ்சும் என்பது அவர்கள் பயம். சீர்திருத்தக்காரர்களோ மதத்தின் அடிப்படையையே பதிலாகக் காட்டுகிறார்கள். சின்வத் பாலத்தில் எடைபோடப்படுவது மூன்று: நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல். உடலை எப்படி அப்புறப்படுத்தினார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

ஹரியாணாவின் பிஞ்ஜோரில் கூண்டுகளுக்குள் கழுகுக் குஞ்சுகள் வளர்க்கப்பட்டு வருகின்றன. அவற்றின் வாரிசுகள் என்றாவது மலபார் ஹில்லைத் தேடி வரக்கூடும். அதுவரை, வீட்டில் ஒரு மரணம் நேரும்போது மும்பைப் பார்சிக் குடும்பம் அழுவதற்கு முன்பே ஒரு முடிவெடுத்தாக வேண்டும்: டூங்கர்வாடியா, வொர்லியா?