தோரும் கடற்பாம்பும்: ஓர் ஓவிய விளக்கம்

இலண்டன் றோயல் அக்கடமியிலே ஹென்றி பியூசெலி 1790ஆம் ஆண்டில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று உளது. வடபுல ஜேர்மானிய மக்களின் இடித்தெய்வமாகிய தோர், உலகைச் சூழ்ந்து கிடக்கும் பாம்பைத் தூண்டிலிற் பிணித்து, படகின்மேல் நின்று சுத்தியலை ஓங்குகின்றான்.

முதற்பார்வைக்கு இது வெற்றிக் காட்சியே. கதையறிந்தார்க்கோ அவ்வாறு தோன்றாது. ஐஸ்லாந்து அறிஞர் ஸ்நோரி 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய எட்டாவிலே, எருதின் தலையை இரையாக்கிப் பாம்பைப் பிடித்த தோர் சுத்தியலை ஓங்குங்கால், உடன்வந்த அரக்கன் ஹிமிர் அஞ்சிக் கயிற்றை அறுத்துவிடுகின்றான்; பாம்பு கடலுள் அமிழ்கின்றது. பின்னர் எறிந்த சுத்தியல் அதன் தலையைத் துணித்தது என்பாரும் உளர் எனக் கூறும் அந்நூல், பாம்பு இன்னும் உயிரோடுள்ளது என்றே முடிபு கொள்கின்றது. உலகமுடிவிலே தோர் அதனைக் கொல்வான். கொன்று, ஒன்பதடி பெயர்ந்து, அதன் நஞ்சால் வீழ்வான்.

தாடியின்றி, ஆடையின்றி நிற்கும் இத்தோரில் மைக்கலாஞ்சலோவின் சாயல் வெளிப்படை. பியூசெலி 1770 முதல் 1778 வரை உரோமையிற் பயின்றவர். ஆயினும், தோர் இளைஞன் வடிவிற் சென்றான் என்பது எட்டாவின் கூற்றே என்பதை மறத்தலாகாது. பிரெஞ்சுப் புரட்சியின் குறிப்பை இவ்வோவியத்திற் காண்பாரும் உளர். அது வலிந்துகொண்ட பொருள் என்பதே எம் கருத்து.

படகின் கோடியிலே ஒடுங்கிக் கிடக்கும் ஹிமிரை நோக்குக. மேல்மூலையில் மங்கலாகத் தோன்றும் முதியவனை ஓடின் என்பர். இவர்களைக் காட்டிலும் வியத்தற்குரியது ஓவியர் நம்மை நிறுத்திய இடம். தோரை நாம் கீழிருந்து, கடல்மட்டத்திலிருந்து, அண்ணாந்து பார்க்கின்றோம். ஓங்கிய சுத்தியலைப் பாம்பு காண்பதும் அங்கிருந்தே.