பூச்சாண்டிப் பெட்டி திறக்குது, வாங்க!

ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில், ரோஜாத் தோட்டங்களின் வெள்ளைக் குடில்களைத் தாண்டினால் ஒரு மண்பாதை பிரியும். அதன் முடிவில் தகரக் கூரை போட்ட குதிரை லாயம். சனி, ஞாயிறுகளில் பெங்களூருவிலிருந்து கார் பிடித்து வருகிறவர்கள் பார்ப்பது முன்வாசலை மட்டும்தான். தேய்த்துப் பளபளக்கும் குதிரைகள், வரிசையாகத் தொங்கும் ஹெல்மெட்கள், கிராமத்துப் பாதையில் ஒரு மணி நேரச் சவாரி, கடைசியில் ஒரு செல்ஃபி. நான் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்துவிட்டேன்! சனிக்கிழமை, இருட்டு விலகும் முன்னால், விருந்தாளி ஒருவரும் வராத நேரம். பார்த்ததை உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாங்க, சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாங்க.

முதலில் வரவேற்பது கொள்ளு வேகும் வாசனை. இந்த மாவட்டத்து மானாவாரி நிலத்தில் விளைந்த கொள்ளு, பெரிய அண்டாவில் கொதித்துக்கொண்டிருக்கிறது. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் துடுப்பால் கிளறுகிறார். அவரைத் தாண்டினால் சேணம் வைக்கும் அறை. ஐயோ, அந்த அறை! தோல் வாரும் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் கலந்து மூக்கைத் துளைக்கிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் லாட ஆணிகள், ஒற்றை அங்கவடி, தையல் விட்ட கடிவாளங்கள், மூன்று வருடத்துப் பழைய காலண்டர், குதிரை கடித்துக் குதறிய ஒரு தொப்பி. "அது மாஸ்டரோட தொப்பி" என்று ஒரு பையன் கிசுகிசுத்துவிட்டுச் சிரிக்கிறான். பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லித்தரும் பயிற்சியாளரை இங்கே எல்லோரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அறையின் மூலையில்தான் இருக்கிறது பெட்டி. பச்சை பெயின்ட் உரிந்த தகரப் பெட்டி. பையன்கள் வைத்த பெயர், பூச்சாண்டிப் பெட்டி. மூடியைத் திறந்ததும் எனக்குத் திருவிழாக் கடைக்குள் நுழைந்த குஷி! கம்பி உடைந்த குடைகள், நீலத் தார்ப்பாய், கட்டு கட்டாக சிப்ஸ் பாக்கெட் உறைகள், பள்ளிக்கூட பேண்டு டிரம், பேட்டரியோடு கட்டிய பழைய லாரி ஹாரன், ஊதாத பலூன்கள். குதிரையைப் பயமுறுத்துவதற்கென்றே பார்த்துப் பார்த்துச் சேர்த்த சாமான்கள்.

"பயமுறுத்தவா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. இங்க பயந்து முடிச்சுட்டா ரோட்ல பயப்படாது" என்றார் பாய். பெங்களூரு ரேஸ் குதிரைகளோடு வாலிபத்தைக் கழித்துவிட்டு, இப்போது இந்த லாயத்துக்கு வந்திருக்கும் மூத்த குதிரைக்காரர். குதிரையிடம் உருது, பையன்களிடம் தமிழ், தீவனக் கடைக்காரரிடம் கன்னடம், லாடம் அடிக்க வருபவரிடம் தெலுங்கு. எல்லையோர ஊர் என்றால் இப்படித்தான்!

வெளியே மணல் வட்டத்தில் ஒத்திகை தொடங்கிவிட்டது. நடுவில் மாஸ்டர், கையில் நீண்ட கயிறு, கயிற்றின் முனையில் செம்பட்டை நிறத்தில் ஒரு பெண் குதிரை. வந்து சில வாரமே ஆன புதுசு. பெயர் ராணி. ஒரு பையன் தொலைவில் நின்று குடையை மெல்ல விரிக்கிறான். ராணியின் தலை நிமிர்கிறது, காது இரண்டும் குடைப் பக்கம் குத்திட்டு நிற்கிறது, மூக்குத் துவாரம் விரிகிறது. அடுத்த நொடி உடம்பு முழுக்கப் பக்கவாட்டில் ஒரே தாவல்! வேலிக்கு வெளியே நின்ற நான் இரண்டடி பின்னால் போயிருந்தேன். மாஸ்டர் அசையவில்லை. கயிற்றை இழுக்கவுமில்லை, திட்டவுமில்லை. காத்திருந்தார். ராணி ஓட்டத்தை நிறுத்தி, திரும்பி நின்று குடையைப் பார்த்த அந்தக் கணமே குடை மூடப்பட்டது. நின்றால் பூச்சாண்டி போய்விடும். இதுதான் பாடம். பயப்படாதே என்று எந்தக் குதிரைக்கும் இங்கே சொல்லித்தருவதில்லை. பயந்துகொள், ஆனால் நின்ற இடத்திலேயே பயந்துகொள் என்றுதான் சொல்லித்தருகிறார்கள். என்னைக் கேட்டால் இதைவிட அழகான பாடத்திட்டம் வேறில்லை.

பிறகு அதே குடை மறுபக்கத்திலிருந்து வருகிறது. "இடது பக்கம் பார்த்துப் பழகினது பத்தாது. வலது பக்கமும் காட்டணும்" என்கிறார் மாஸ்டர். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். முகத்துக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் இருட்டு. பின்னாலிருந்து நாய் குரைத்தால் அது ஏன் அப்படித் துள்ளுகிறது என்பது இப்போது புரிகிறது இல்லையா?

ராணியின் கழுத்தில், கயிறு உரசும் இடத்தில் வெள்ளை நுரை. சோப்பு என்று நினைத்தேன். இல்லை, வியர்வையாம்! குதிரையின் வியர்வையிலேயே நுரைக்கும் புரதம் ஒன்று இருக்கிறது. பாய் அதன் தாடைக்கடியில் விரல் வைத்து நாடி பார்க்கிறார். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு இருக்கும். இப்போது அது எங்கேயோ போய்விட்டது. துடிப்பு இறங்கும்வரை அவர் விரலை எடுக்கவே இல்லை. மாஸ்டரின் சட்டையும் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. காலைக் குளிர் இன்னும் விலகவில்லை, இரண்டு பேருக்கும் வியர்வை ஆறாக ஓடுகிறது.

குடையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டிய ஒரு ஆராய்ச்சி உண்டு. 2009-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டது. குதிரையில் போகிறவர்களிடம், "இந்த முறை உங்கள் பக்கத்தில் குடை விரியும்" என்று சொன்னார்கள். கடைசிவரை குடை விரியவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்பு எகிறியது, கூடவே குதிரையின் துடிப்பும் எகிறியது! இதை மாஸ்டரிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அதனாலதான் பசங்களுக்கும் ஒத்திகை" என்றார். பார்த்தால், குடை பிடிக்கும் பையன்களை அடுத்தடுத்து குதிரை மேல் ஏற்றுகிறார். தோளைத் தளர்த்து, மூச்சை விடு, பாட்டுப் பாடு. ஒருவன் உரக்கச் சினிமாப் பாட்டு பாட, அவன் சுதி தப்பியதில் குதிரையைத் தவிர மற்ற எல்லோரும் மிரண்டார்கள்.

நடுவில் டீ வருகிறது, கூடவே கதைகள். இந்தத் திண்ணைக் கதைகளுக்காகவே நான் வந்தேன்.

ஓசூர் பக்கம் குதிரையை மிரட்டுவது எது? காடு மட்டும் என்று நினைத்தால் தப்பு. சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஷிப்ட் பஸ்ஸின் ஏர் ஹாரன். தக்காளித் தோட்டத்தில் மண் மூடப் போட்ட பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடவென்று எழுவது. மாமரத்தடியிலிருந்து திடீரென்று கிளம்பும் மயில். தெருநாய்க் கூட்டம். பொங்கல் முடிந்ததும் ஊர் ஊராக நடக்கும் எருது விடும் விழாவின் மேளமும் வெடியும். ஒரு பக்கம் பைக்கும் லாரியும் கைக்கடிகாரமும் செய்கிற ஊர், இன்னொரு பக்கம் யானை நடக்கிற காடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள ராகிக் கொல்லை ஓரத்துப் பாதையில்தான் சவாரி. காப்புக்காட்டுக்குள் இவர்கள் குதிரையைக் கொண்டுபோவதே இல்லை. ஆனால் காடு வெளியே வருகிறதே!

ராகி முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் ஜவளகிரி, தளி வழியாக இறங்கி, ஓசூரை ஒட்டிய சானமாவு காடுவரை வந்துவிடும். விவசாயிகள் பரண் கட்டி ராத்திரி முழுக்கக் கண்விழிக்கும் மாதங்கள் அவை. வனத்துறையினர் கிராமம் கிராமமாக எச்சரிக்கை செய்துகொண்டிருப்பார்கள். அப்படி ஒரு சாயங்காலம் மாஸ்டர் விருந்தாளிகளோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு வளைவில் முன்னால் போன கிழட்டுக் குதிரை நின்றது. குதிகாலால் தட்டினாலும் நகரவில்லை. காது இரண்டும் லாண்டானா புதர்ப் பக்கம்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல. காத்தும் இல்ல, சத்தமும் இல்ல. அப்புறம் புதர்ல ஒரு தந்தம் தெரிஞ்சது."

எங்கள் டீ அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

"ஓட்டமா?" என்றேன்.

"ஓடக் கூடாது! ஒண்ணு ஓடினா எல்லாம் ஓடும். புதுசா ஏறினவங்க விழுந்துடுவாங்க. யானை முன்னாடி மனுஷன் தரையில கிடக்கலாமா?" கடைசியில் நின்ற குதிரையை முதலில் திருப்பினாராம். பிறகு அதற்கு முன்னால் நின்றது, பிறகு அதற்கும் முன்னால் நின்றது. எல்லாம் நடைதான், கடைசி ஆளாக அவர். விருந்தாளிகளில் ஒரு பெண், "ஏன் திரும்புறோம்?" என்று கேட்டிருக்கிறாள். "டீ ஆறிடும்மா" என்று சொன்னாராம். லாயத்துக்கு வந்து, எல்லோரும் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் அவர் கைகள் நடுங்கத் தொடங்கினவாம். அந்தக் கிழட்டுக் குதிரைக்கு அன்றைக்கு இரட்டைப் பங்கு கொள்ளு!

யானை வாடைக்குப் பழகாத குதிரை மிரளுவது புதிதல்ல. கி.மு. 326-ல் ஜீலம் நதிக்கரையில் போரஸின் யானைகளைப் பார்த்தால் தன் குதிரைகள் மிரளும் என்பது அலெக்சாண்டருக்கே பெரிய கவலையாக இருந்தது. நேராகக் கடக்காமல், இரவில் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் மேலே போய்க் கடந்தார். இந்த ஜவளகிரிக் காடோ, ஆட்கொல்லிப் பெண்புலி ஒன்றால் உலகத்துக்கே தெரிந்தது. கென்னத் ஆண்டர்சன் 1954-ல் வெளியிட்ட தன் வேட்டைக் கதைப் புத்தகத்தில் அந்தப் புலியைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இந்த மண்ணுக்குக் குதிரை புது வரவும் அல்ல. பக்கத்து மத்திகிரியில் 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய பண்ணை, இன்று 1,600 ஏக்கருக்கும் மேல் பரந்த அரசு கால்நடைப் பண்ணை. "அந்தக் காலத்துல பீரங்கிச் சத்தத்துக்குப் பழக்கணும். இப்ப சிப்ஸ் பாக்கெட்டுக்கு" என்று பாய் சொல்ல, திண்ணையே குலுங்கியது.

அதற்குள் மாஸ்டரின் போன் அடிக்கிறது. உத்தனப்பள்ளி பக்கத்து விவசாயி ஒருவர். பேசிக்கொண்டே சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, சுவர்க் கரும்பலகையில் எழுதியிருந்த இன்றைய பாதையைக் கையாலேயே அழிக்கிறார். நேற்று ராத்திரி ராகிக் கொல்லையில் யானை இறங்கியிருக்கிறதாம். காட்டோரப் பாதை ரத்து! ரோஜாத் தோட்டத்தைச் சுற்றி வரும் பாதை என்று புதிதாக எழுதுகிறார். பையன்கள் பெட்டியை மூடி உள்ளே தள்ளுகிறார்கள், சாணியை அள்ளுகிறார்கள், பாய் ஒவ்வொரு சேணத்தின் வாரையும் இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறார். கார்கள் வந்துவிட்டன.

"யானை இருக்கும்னு சொன்னாங்களே, இன்னைக்குப் பார்க்கலாமா?" என்று ஒரு சின்னப் பையன் கண்கள் மின்ன மாஸ்டரிடம் கேட்கிறான்.

"ரோஜாப்பூ நிறைய இருக்குடா கண்ணா" என்கிறார் அவர், அவன் ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கொண்டே. காரணம் தெரிந்தவள் நான்! சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சவாரி கிளம்பியதும் பாய் தன் செல்போனை எடுத்தார். எருது விடும் விழாவில் பதிவுசெய்த சரவெடிச் சத்தம் அதில் இருக்கிறது. ராணிக்குத் திங்கட்கிழமைப் பாடம் அதுதான், முதலில் மிக மெல்லிய சத்தத்தில். கூடவே டிரம்மும் அடிக்க வேண்டுமாம். யார் அடிப்பது என்று பையன்களுக்குள் சண்டை தொடங்கிவிட்டது.