கையடக்க கேம் கன்ஸோல் வாங்கப் போகிறீர்களா?

மூன்று வாரத்தில் 6,400 ரூபாய். பாகூரில் இருக்கும் என் அக்காவின் வங்கிக் கணக்கிலிருந்து 99 ரூபாய், 199 ரூபாய் என்று சிறுகச் சிறுகப் போயிருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் அக்காவின் மொபைல் போனில் கேம் விளையாடும்போது, அதில் வரும் வைரங்களையும் துப்பாக்கிகளையும் வாங்கியிருக்கிறான். ரகசிய எண்ணை அக்கா அழுத்துவதைப் பக்கத்திலிருந்து பார்த்தே மனப்பாடம் செய்துவிட்டான். சீட்டுப் பணம் கட்டப் போன நாளில்தான் விஷயம் வெளியே வந்தது.

வீட்டில் பெரிய சண்டை. பிறகு அக்காவே ஒரு முடிவுக்கு வந்து எனக்குப் போன் செய்தார். "இனிமே போனைத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன் தம்பி. ஆனா லீவுல புள்ளைங்க என்ன செய்யும்? பேங்க் கணக்கோட ஒட்டாம, தனியா விளையாடற பெட்டி ஏதாவது இருக்கா? அண்ணன் ஆகஸ்ட்ல வருது. நாப்பதாயிரம் வரைக்கும் போடலாம்."

அண்ணன் என்றது எங்கள் பெரியப்பா மகனை. பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. அண்ணன் குடும்பம் பாரீஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வில்லியனூர், பாகூர் பக்கம் பல வீடுகளில் இப்படி ஒரு பிரான்ஸ் அண்ணனோ மாமாவோ உண்டு. வாட்ச், சென்ட், லேப்டாப் எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். ஆகவே 'எதை வாங்கி வரச் சொல்வது' என்ற கேள்வி உங்களில் பலருக்கும் பயன்படும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

கன்ஸோல் என்பது என்ன?

கையடக்க கேம் கன்ஸோல் என்பது கேம் விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட சிறு கம்ப்யூட்டர். நீங்கள் புதிதாக வாங்கியிருக்கும் கம்ப்யூட்டரில் உள்ள பிராசஸர், மெமரி, கிராபிக்ஸ் சிப் எல்லாம் இதிலும் உண்டு. மானிட்டருக்குப் பதில் ஏழு, எட்டு அங்குல ஸ்கிரீன். கீபோர்டு, மவுசுக்குப் பதில் இரு பக்கமும் பட்டன்களும் குச்சிகளும்.

கடையில் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும் இவை வெவ்வேறு சாதி. நின்டெண்டோ ஸ்விட்ச் அதற்கென்று வெளியான கேம்களை மட்டும் ஓட்டும். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக், ஆசஸ் நிறுவனத்தின் ராக் அல்லை, லெனோவோவின் லீஜன் கோ போன்றவை உண்மையில் முழு கம்ப்யூட்டர்கள். கம்ப்யூட்டர் கேம்களை ஓட்டும். சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டல் வேறு ரகம். அது தனக்குள் கேமை ஓட்டுவதில்லை. வீட்டில் உள்ள பிளேஸ்டேஷன் 5-ல் ஓடும் கேமின் படத்தை வைஃபை வழியாக வாங்கிக் காட்டும். 2024 செப்டம்பரில் 18,990 ரூபாய்க்கு இந்தியாவில் வந்தபோது, விலையைப் பார்த்து 'சோனி கன்ஸோல் இவ்வளவு மலிவா' என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டார்கள். வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இல்லையென்றால் அதை வாங்கிப் பயனில்லை. அக்கா வீட்டில் இல்லை. அதை அப்போதே அடித்துவிட்டேன்.

இன்னொன்று, 'நானூறு கேம்' என்று பெட்டியில் அச்சிட்டுச் சில நூறு ரூபாய்க்கு விற்கும் சின்னக் கருவி. பழைய நோக்கியா போனில் இருந்த மாதிரி பேட்டரியைப் போட்டு ஓட்டுவார்கள். உள்ளே இருப்பவை 1980-களின் கேம்கள், பெரும்பாலும் உரிமம் இல்லாத நகல்கள். எனக்கு அதன் மேல் கோபமில்லை. சின்ன வயதில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர்த் திருவிழாக் கடையில் அப்பா வாங்கித் தந்த செங்கல் அடுக்கும் கேம்தான் எனக்கு முதல் கம்ப்யூட்டர். ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு இது இரண்டு நாள்தான் தாங்கும்.

பேட்டரிதான் முதல் கேள்வி

பலரும் கிராபிக்ஸ் எப்படி, பிராசஸர் எது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பழைய கதை ஒன்று சொல்கிறேன். 1989-ல் நின்டெண்டோ கேம் பாய் வந்தது. கலர் கிடையாது, பச்சை ஸ்கிரீனில் மங்கலான படம். அடுத்த ஆண்டு சேகா நிறுவனம் கேம் கியரைக் கொண்டு வந்தது. அழகான கலர் ஸ்கிரீன், பின்னால் விளக்கு. ஆனால் கேம் கியர் ஆறு பென்சில் பேட்டரிகளைத் தின்றுவிட்டு மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் படுத்துவிடும். கேம் பாய் நான்கே பேட்டரியில் 15 மணி நேரத்துக்கு மேல் ஓடும். கடைசியில் கேம் கியர் சுமார் 1 கோடி விற்றது. கேம் பாயும் அதன் கலர் வாரிசும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்தைத் தாண்டின.

2004-ல் மறுபடியும் அதே மாதிரி போட்டி. சோனியின் பி.எஸ்.பி. பளபளவென்று 4.3 அங்குல ஸ்கிரீனோடு வந்தது. நின்டெண்டோ டி.எஸ். இரண்டு சின்ன ஸ்கிரீன்களோடு பொம்மை மாதிரி இருந்தது. விற்பனையில் பி.எஸ்.பி. சுமார் 8 கோடி, டி.எஸ். 15 கோடிக்கு மேல். இதற்குப் பேட்டரி மட்டும் காரணமில்லை. கேம்களும் விலையும் உண்டு. ஆனாலும் காகிதத்தில் பலசாலியாக இருப்பது வேறு, கையில் வைத்து விளையாடுவது வேறு என்பது தெரிகிறது.

இப்போதைய கருவிகளுக்கு இந்தக் கணக்கை நீங்களே போடலாம். பேட்டரி அளவை எம்.ஏ.எச். என்று போட்டிருப்பார்கள். அதை மட்டும் வைத்து இரண்டு கருவிகளை ஒப்பிடாதீர்கள். 'வாட் அவர்' என்ற அளவைத் தேடுங்கள். அது இல்லையென்றால் எம்.ஏ.எச். எண்ணை பேட்டரியின் வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். ஸ்விட்ச் ஓலெட் மாடலில் 4,310 எம்.ஏ.எச்.; 3.7-ஆல் பெருக்கி வகுத்தால் 16 வாட் அவர் வரும். இதை வைத்து நாலரை முதல் ஒன்பது மணி நேரம் ஓடும் என்கிறது நின்டெண்டோ. அப்படியானால் அது சுமார் இரண்டு முதல் மூன்றரை வாட் மட்டும்தான் தின்கிறது. ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்பு அளவு.

2023-ல் வந்த முதல் ராக் அல்லையில் 40 வாட் அவர் பேட்டரி. ஸ்விட்சைப் போல இரண்டரை மடங்கு பெரியது. ஆனால் பெரிய கேமுக்கு அதன் சிப் 25 வாட் வரை எடுக்கும். 40-ஐ 25-ஆல் வகுத்தால் 1.6 மணி நேரம். ஸ்கிரீன், வைஃபை, மின்விசிறி தின்பதையும் சேர்த்தால் இன்னும் குறையும். இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் 2024-ல் வந்த அல்லை எக்ஸ் மாடலில் பேட்டரியை 80 வாட் அவராக இரட்டிப்பாக்கினார்கள். ஸ்டீம் டெக் முதல் மாடலில் 40, ஓலெட் மாடலில் 50. கரண்ட் போய்விட்டால் எப்போது வரும் என்று தெரியாத எங்கள் ஊர் மாதிரி இடத்தில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

ஸ்டீம் டெக்கா, ஸ்விட்சா?

எனக்கென்று வாங்குவதாக இருந்தால் ஸ்டீம் டெக்தான். காரணம், ஸ்டீம் தளத்தில் கம்ப்யூட்டருக்காக வாங்கிய கேமை மறுபடி காசு கொடுக்காமல் இதிலும் விளையாடலாம். இந்தியாவில் ஸ்டீம் ரூபாயிலேயே விற்கிறது. தள்ளுபடி நாட்களில் நல்ல கேம்கள் சினிமா டிக்கெட் விலைக்கே கிடைக்கும். உள்ளே இருப்பது லினக்ஸ். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட வைக்க புரோட்டான் என்ற சாப்ட்வேர் இடையில் நின்று மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்கிறது. பெரும்பாலான கேம்கள் ஓடுகின்றன. ஆனால் வாலரண்ட், ஃபோர்ட்நைட் போன்றவை ஓடாது. ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் அவற்றின் காவல் சாப்ட்வேர் இதில் வேலை செய்யாது. விண்டோஸ் உள்ள அல்லையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 2023 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தபோதே அதன் விலை 69,990 ரூபாய். அந்தப் பணத்துக்கு நல்ல லேப்டாப்பே வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

அக்காவுக்கு ஏன் ஸ்டீம் டெக்கைச் சொல்லவில்லை? அது கம்ப்யூட்டர் என்பதாலேயேதான். மறுபடியும் ஸ்டோர், மறுபடியும் பணம் கட்டும் வசதி. பையன் ஒரு வாரத்தில் எல்லாம் கண்டுபிடித்துவிடுவான். ஸ்விட்சில் கார்டு வடிவில் கேம் கிடைக்கிறது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய கார்டு. செருகினால் ஓடும். விளையாடி முடித்ததும் நண்பனிடம் மாற்றிக் கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். அக்கௌண்டில் வங்கிக் கார்டு எண்ணைச் சேர்க்காமல் விட்டுவிட்டால் பணம் போக வழியே இல்லை. அதோடு இரு பக்கக் கைப்பிடிகளையும் கழற்றி அண்ணனும் தங்கையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து விளையாடலாம். ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு இதுவரை அந்த வீட்டில் கேம் என்றால் அண்ணன் தோளுக்குப் பின்னாலிருந்து பார்ப்பதுதான். எனக்கு இதுவே போதுமான காரணமாக இருந்தது.

2019-ல் வந்த ஸ்விட்ச் லைட் விலை குறைவு. ஆனால் அதில் கைப்பிடிகள் கழறாது, டி.வி.யிலும் இணைக்க முடியாது. 2025 ஜூன் 5-ல் வந்த ஸ்விட்ச் 2 எல்லாவற்றிலும் மேல். ஐரோப்பாவில் வெளியானபோது 469.99 யூரோ, யூரோவுக்கு நூறு ரூபாய் என்று போட்டாலே 47,000. அதன் மரியோ கார்ட் கேம் கார்டு மட்டும் 89.99 யூரோ, அதாவது இன்னொரு 9,000. கூடுதல் மெமரி வேண்டுமென்றால் சாதாரண மைக்ரோ எஸ்.டி. கார்டில் கேம் ஏறாது, மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ் என்ற விலை கூடிய ரகம்தான் வேண்டும். சில கேம்களின் கார்டில் சாவி மட்டும் இருக்கும். கேம் முழுவதையும் இன்டர்நெட்டில்தான் இறக்க வேண்டும். பேட்டரியும் இரண்டு முதல் ஆறரை மணி நேரம்தான். அக்காவின் நாற்பதாயிரத்துக்கு ஸ்விட்ச் ஓலெட்டும் இரண்டு கேம் கார்டுகளும் என்று முடிவு செய்தேன். பழைய ஸ்விட்ச் கார்டுகளில் பெரும்பாலானவை ஸ்விட்ச் 2-விலும் ஓடும் என்பதால் பின்னாளில் மாறினாலும் கார்டுகள் வீணாகாது.

சர்வீஸ் எங்கே?

இதில்தான் ஸ்விட்ச் உதைக்கிறது. 2008-ல் எச்.சி.எல். நிறுவனம் நின்டெண்டோவின் கருவிகளை இங்கே விநியோகித்தது. ஆனால் 2025-ல் ஸ்விட்ச் 2 வெளியான நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. 2022-ல் வந்தபோது ஸ்டீம் டெக்கும் இந்தியாவுக்கு வரவில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இவை கிடைக்கும். அவை தனியார் வெளிநாட்டிலிருந்து தருவிப்பவை. வாரண்டி என்பது கடைக்காரரின் வாய்ச்சொல்தான். ஆசஸ், லெனோவோ, சோனி கருவிகளை இந்திய பில்லோடு வாங்கினால் இந்தக் கவலை இல்லை.

பழைய கருவி வாங்கினால் இன்னும் கவனம் தேவை. என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒரு கடையில் பழைய ஸ்விட்ச் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினார். அதில் ஏற்கெனவே யாரோ திருட்டு கேம்களை ஏற்றியிருந்ததால் அது ஆன்லைனில் தடை செய்யப்பட்டிருந்தது. அப்டேட், டவுன்லோடு எதுவும் கிடையாது. கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. ஆகவே கடையில் நிற்கும்போதே உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஸ்டோர் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு செட்டிங்ஸ் பகுதியில் குச்சிகளைச் சரிபார்க்கும் இடத்துக்குப் போய், குச்சியைத் தொடாமல் சும்மா விடுங்கள். புள்ளி தானாக நகர்ந்தால் வாங்காதீர்கள். ஸ்விட்ச் கைப்பிடிகளில் இந்தக் கோளாறு பிரபலம். 2020-ல் நின்டெண்டோ தலைவரே இதற்காக வருத்தம் தெரிவித்தார்.

அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பு இதுதான். பில்லைப் பத்திரமாக வைத்துக் கொள்ளவும். கோளாறு வந்தால் அடுத்த முறை வரும்போது பிரான்சில்தான் காட்ட வேண்டியிருக்கும். சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்க்கவும். பிரான்சில் உள்ள உருண்டை இரண்டு பின் நம் பிளக்கிலும் நுழையும், மாற்றி எதுவும் வேண்டாம். லித்தியம் பேட்டரி என்பதால் பெட்டியில் போடாமல் கைப்பையில் கொண்டு வரவும். ஒருவேளை ஸ்விட்ச் 2-தான் வாங்குவதென்றால், ஜப்பானிலிருந்து வந்த மலிவான ஜப்பானிய மொழி மாடலை யாராவது தலையில் கட்டினால் வாங்க வேண்டாம்; அதில் வேறு மொழியே வராது.

அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வெள்ளைக் கைப்பிடியா, சிவப்பும் நீலமுமா? பாகூரில் அதற்கு இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.