இரண்டு சக்கரமா, நான்குமா?

ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பல வருடச் சேமிப்பில் செகண்ட் ஹேண்டாக ஒரு போர்ஷே 911 வாங்கப் போகிறாராம், 992 தலைமுறை வண்டி. கரேராவா, கரேரா 4-ஆ என்பதில்தான் குழப்பம். முதலாவதில் பின்சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளும். இரண்டாவதில் முன்சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும். 'குளிர்காலத்தில் குடும்பத்தோடு ஆல்ப்ஸ் பக்கம் போவோம். குழந்தை இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுத்தால்தானே பாதுகாப்பு?' என்று கடிதத்தை முடித்திருக்கிறார். அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை.

முதலில் காகிதக் கணக்கு. கரேராவின் எடை 1505 கிலோ, கரேரா 4-ன் எடை 1555. முன்பக்கத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டு, கிளட்ச், பல்சக்கரப் பெட்டி எல்லாம் சேர்ந்து அந்த 50 கிலோ. இவற்றின் எஸ் மாடல்களில், நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட பின்சக்கர வண்டிக்கு 3.7 வினாடி, நான்கு சக்கர வண்டிக்கு 3.6. உச்ச வேகத்தில் பின்சக்கர வண்டி 2 கிலோமீட்டர் முந்துகிறது. காய்ந்த சாலையில் இவ்வளவுதான் வித்தியாசம். வேறு கம்பெனி ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த இடைவெளி இதைவிடப் பெரிதாக இருப்பதுண்டு. 911-ல் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?

எஞ்சின் இருக்கும் இடம்தான் காரணம். 1963-ல் பிராங்பர்ட் கண்காட்சியில் முதலில் காட்டியதிலிருந்து இன்றுவரை, 911-ன் எஞ்சின் பின் ஆக்ஸிலையும் தாண்டி வாலில் உட்கார்ந்திருக்கிறது. வண்டியின் எடையில் ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரங்கள் மேல். சிறுவயதில் எங்கள் ஊர் ரைஸ் மில்லிலிருந்து அரிசி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்திருக்கிறேன். மூட்டையின் கனம் பின்சக்கரத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும், மணல் பாதையில்கூட டயர் வெறுமனே சுற்றாது. ஆனால் ஹேண்டில்பார் லேசாகிவிடும். இறக்கத்தில் வளைவு வந்தால் மூட்டை நம்மைக் கேட்காமல் வெளிப்பக்கம் தள்ளப் பார்க்கும். 911-ன் நல்லது கெட்டது இரண்டும் இதுவேதான். கிளம்பும்போது, தள்ளுகிற சக்கரத்தின் மேலேயே கனம் இருப்பதால் பிடிமானத்துக்குக் குறைவில்லை. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும், வால் வெளியே வீசும். 1975-ல் வந்த முதல் 911 டர்போவுக்கு 'விதவையாக்கி' என்று பட்டப்பெயர் விழுந்தது இதனால்தான்.

இந்த வாலை அடக்க போர்ஷே பொறியாளர்கள் நான்கு சக்கர இயக்கத்தைக் கையில் எடுத்தார்கள். சோதித்துப் பார்த்த இடம் சஹாரா. 1984 பாரிஸ்-டக்கார் ராலியில் நான்கு சக்கர இயக்கம் பொருத்திய 911-ஐ ஓட்டி ரெனே மெட்ஜ் ஜெயித்தார். 1986-ல் 959 என்ற வண்டியில் அவரே மறுபடி ஜெயித்தார், ஜாக்கி இக்ஸ் இரண்டாவது. அந்த அனுபவம் ஷோரூமுக்கு வந்தது 1989 மாடல் கரேரா 4-ல். 964 தலைமுறையில் முதலில் விற்பனைக்கு வந்ததே நான்கு சக்கர வண்டிதான், பின்சக்கர கரேரா 2 அடுத்த மாடல் ஆண்டில்தான் வந்தது. அந்த கரேரா 4 விசையை முன்னுக்கு 31, பின்னுக்கு 69 சதவீதம் என்று பங்கிட்டது. வால் அடங்கியது, ஆனால் வளைவில் மூக்கு திரும்ப மறுக்கிறது என்று ஓட்டியவர்கள் குறைப்பட்டார்கள். 1995-லிருந்து 911 டர்போ நான்கு சக்கர வண்டியாகிவிட்டது. பந்தயத் தடத்தை மனதில் வைத்துச் செய்யும் ஜிடி3 இன்றுவரை பின்சக்கர வண்டிதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 992 கரேரா 4-ன் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே அளவு கிடையாது. முன்னால் 19 அங்குல ரிம், பின்னால் 20 அங்குலம். டயரோடு சேர்த்தால் முன்சக்கரத்தின் விட்டம் சுமார் 67 சென்டிமீட்டர், பின்சக்கரம் சுமார் 71. அப்படியானால் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் முன்சக்கரம் ஏறக்குறைய 475 சுற்றும், பின்சக்கரம் 445 சுற்றும் சுற்றியாக வேண்டும். இரண்டையும் ஒரே கியர் பாக்ஸ் ஓட்டுகிறது. நேராகப் பூட்டிவிட்டால் ஏதாவது ஒரு டயர் ரோட்டில் தேய்ந்துகொண்டே போகும். அதனால் முன் ஆக்ஸிலின் பல்சக்கர விகிதத்தையே சற்று மாற்றி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுகிறார்கள்.

அதோடு தீரவில்லை. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகும். 911-ன் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே 2.45 மீட்டர். பின் ஆக்ஸிலின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் அடித்தால், முன் ஆக்ஸிலின் நடுப்புள்ளி அதைவிட மூன்றரை மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். இந்தக் கூடுதல் ஓட்டத்துக்கு இடம் கொடுப்பது, முன்பக்கம் போகும் வழியில் அடுக்கி வைத்திருக்கும் கிளட்ச் பிளேட்டுகள். மின்னணுக் கட்டுப்பாட்டில் இந்தத் தட்டுகள் இறுகினால் முன்சக்கரத்துக்கு விசை போகும், தளர்ந்தால் குறையும். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டே அவை வேலை செய்யும்போது சூடேறும். அந்தச் சூட்டை ஆற்ற 992-ல் முன் ஆக்ஸில் இயக்கத்துக்குத் தண்ணீர்க் குளிர்விப்பே கொடுத்திருக்கிறார்கள். வெளியே தெரியாத இடத்தில் இவ்வளவு அக்கறை!

இந்த அக்கறையை நாம் எப்படிக் கெடுக்கிறோம் என்று பாருங்கள். புது டயரின் பட்டன் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். ஜெர்மானியச் சட்டம் அனுமதிக்கும் கடைசி ஆழம் 1.6. அதுவரை தேய்ந்த டயரின் சுற்றளவு கிட்டத்தட்ட 2 சதவீதம் குறைந்துவிடும். செலவை மிச்சம் பிடிக்க ஒரு ஆக்ஸிலுக்கு மட்டும் புது டயர் மாட்டினாலோ, ஆளுக்கொரு பிராண்ட் கலந்தாலோ, பொறியாளர்கள் பார்த்துப் பார்த்துச் செய்த கணக்கு அங்கேயே தடம் மாறுகிறது. கொஞ்சம் வித்தியாசத்தைத் தாங்கும்படிதான் வண்டியைச் செய்திருப்பார்கள். ஆனால் நேர்ச்சாலையில்கூட தட்டுகள் ஓயாமல் வழுக்க வேண்டியிருந்தால் தேய்மானம் கூடத்தான் செய்யும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய இயந்திரத்தை டயரில் கஞ்சத்தனம் பிடித்துக் கெடுப்பது எனக்கு மனசு ஆறாத விஷயம்.

வாசகரின் கேள்விக்கு வருவோம். பாதுகாப்பு. நான்கு சக்கர இயக்கம் வண்டி கிளம்ப உதவும், ஏற்றத்தில் ஏற உதவும், வளைவிலிருந்து வெளியேறி வேகம் எடுக்க உதவும். நிற்பதற்கு உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்துக்கும் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, நல்ல காய்ந்த சாலையில் பிரேக் பிடித்தால் சுமார் 10 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் பிடிமானம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அதற்கு 50 மீட்டர் வேண்டும். கரேராவுக்கும் அதே 50, கரேரா 4-க்கும் அதே 50. சொல்லப்போனால் கூடுதல் கவனம் வேண்டியது நான்கு சக்கர வண்டியில்தான். பின்சக்கர வண்டியில் பனி வழுக்கினால் கிளம்பும்போதே பின்பக்கம் லேசாக நெளிந்து சாலையின் நிலைமையைச் சொல்லிவிடும். நான்கு சக்கர வண்டி ஒன்றுமே நடக்காததுபோல ஏறிப் போகும். சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பது அடுத்த வளைவில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியவரும்.

நிறுத்துவதும் திருப்புவதும் டயரின் வேலை. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும், ரோட்டைப் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் மெத்தென்று இருக்கும். ஜெர்மனியில் பனியும் உறைவும் உள்ள சாலையில் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டுவது குற்றம். 2024 அக்டோபரிலிருந்து மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் வரைந்த முத்திரை உள்ள டயர்தான் செல்லும். மலைப்பாதையில் டயர்ச் சங்கிலி கட்டாயம் என்ற பலகை இருந்தால் அது ஜெர்மனியில் பொதுவாக நான்கு சக்கர வண்டிக்கும் சேர்த்துத்தான். இவ்வளவு இருந்தும், நான்கு சக்கர வண்டிதானே என்று கோடை டயரோடு மலை ஏறுகிறவர்கள் உண்டு. பிள்ளைகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அப்படிச் செய்யவே கூடாது.

மழைக்கு வேறு ஒரு ஏற்பாடு இருக்கிறது. 992-ன் முன்சக்கரக் குழிகளில் ஒலி உணரிகள் வைத்திருக்கிறார்கள். டயர் வாரியடிக்கும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டு, 'சாலை ஈரம், மழை மோடுக்கு மாற்றுங்கள்' என்று வண்டி ஓட்டுநருக்குச் சொல்லும். இரண்டு மாடலிலும் இது உண்டு.

ஆகவே என் யோசனை இது. வீடு மலைச்சரிவில் இருந்து, பனிக்காலம் முழுவதும் தினமும் அந்த ஏற்றத்தில் ஏறி இறங்கவேண்டும் என்றால் கரேரா 4 வாங்குங்கள், அந்த 50 கிலோவுக்கு அங்கே வேலை இருக்கிறது. ஊருக்குள்ளும் ஆட்டோபானிலும் ஓட்டிவிட்டு, வருடத்தில் சில முறை மலைக்குப் போவீர்கள் என்றால் கரேராவே போதும். ஸ்டியரிங்கில் முன்சக்கரங்கள் சொல்வது அதில் இன்னும் துலக்கமாகக் கைக்கு வரும். மிச்சமாகும் பணத்தில் நல்ல குளிர்கால டயர்களை ரிம்மோடு தனி செட்டாக வாங்கிவிடுங்கள்.

எதை எடுத்தாலும், வண்டியைப் பார்க்கப் போகும்போது பட்டன் ஆழம் அளக்கும் கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். நான்கு டயரையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் போர்ஷே ஒப்புதல் பெற்ற டயருக்கு உரிய 'என்' என்ற எழுத்தும் கூடவே ஒரு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். தயாரித்த தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். விற்பவர் குளிர்கால செட் ஒன்றைச் சும்மா சேர்த்துத் தருவதாகச் சொன்னாலும், பணம் கொடுக்கும் முன் அதன் தேதியையும் படித்துவிடுங்கள்.