வீட்டை விற்றால் வரி, வரியைத் தவிர்த்தால் மறுபடியும் வீடு

காரைக்காலின் கடலோரத் தெருக்களில் வாடகைக் கட்டடங்களை உப்புக் காற்று ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. கூரைக்குள் கம்பி துருவேறிப் பருத்து, காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து, ஐப்பசி அடைமழையில் மொட்டைமாடி ஒழுகத் தொடங்கும்போது, வந்த வாடகையில் கணிசமான பங்கு கொத்தனார் கூலியாகவே போய்விடுகிறது. பிள்ளைகள் சென்னையிலோ பாரிசிலோ குடியேறிவிட்ட முதிய உரிமையாளர்கள், கட்டடத்தை விற்று, அலைச்சல் இல்லாமல் வட்டியாகவோ பங்காதாயமாகவோ வருமானம் பெற விரும்புவது இயல்பே. அந்த மாற்றத்துக்கு நடுவே நிற்பது மூலதன ஆதாய வரி, அதாவது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டின்மீது விதிக்கப்படும் வரி.

அமெரிக்காவில் 1921 முதலே வாடகைச் சொத்தைக் கொடுத்து இன்னொரு சொத்தை வாங்குவோர் இவ்வரியைத் தள்ளிப்போடலாம். நிர்வாகப் பொறுப்பு ஏதுமின்றி, ஓர் அறக்கட்டளை வைத்திருக்கும் பெரிய கட்டடத்தில் ஒரு பங்கை வாங்குவதையும் அந்நாட்டு வரித்துறை 2004இல் இதே சலுகைக்குள் ஏற்றுக்கொண்டது. இந்தியச் சட்டத்தின் போக்கு வேறு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, இரண்டாண்டுக்கு மேல் வைத்திருந்த குடியிருப்பு வீட்டை விற்ற ஆதாயத்தை ஈராண்டுக்குள் வேறு வீடு வாங்கவோ மூன்றாண்டுக்குள் கட்டவோ செலவிட்டால் வரியிலிருந்து விலக்குத் தருகிறது. கடைக் கட்டடத்தையோ விடுதியையோ விற்றவர் 54எஃப் பிரிவின்படி முழு விலக்குப் பெற, ஆதாயம் மட்டுமன்றி விற்பனைத் தொகை முழுவதையும் வீட்டில் போட வேண்டும். குடித்தனக்காரர் தொல்லையிலிருந்து விடுபட நினைத்தவரை இச்சலுகைகள் மறுபடியும் ஒரு வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்துகின்றன. (2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும், பேச்சில் பழைய எண்களே புழங்குவதால் இங்கும் அவையே தரப்படுகின்றன.)

கட்டடத்தை விட்டு வெளியேறுவோருக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு 54இசி பிரிவு. ஆர்இசி, பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன், இந்திய ரயில்வே நிதிக் கழகம் முதலிய பொதுத்துறை நிறுவனங்களின் பத்திரங்களில் விற்பனை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆதாயத்தைப் போட்டால், 50 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. ஆனால் ஐந்தாண்டுக்குப் பணத்தைத் தொட முடியாது, பத்திரத்தை அடகு வைத்துக் கடன் வாங்கினாலும் விலக்குப் பறிபோகும், ஏறத்தாழ 5.25 விழுக்காடாக உள்ள வட்டிக்கும் வரி உண்டு.

2004-05இல் 8 லட்சத்துக்கு வாங்கிய வீடு 2025-26இல் 80 லட்சத்துக்கு விற்கப்படுவதாகக் கொண்டால் கணக்கு தெளிவாகும். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்துக்கு, இந்தியாவில் வசிப்பவர் இரு முறைகளில் தமக்குச் சாதகமானதைத் தேர்ந்துகொள்ளலாம்: விலைவாசி உயர்வுக்கேற்ப வாங்கிய விலையை ஏற்றிக் கணக்கிட்டு 20 விழுக்காடு, அல்லது ஏற்றாமல் 12.5 விழுக்காடு. இந்த ஏற்றத்துக்கு அடிப்படையான விலைவாசிக் குறியீட்டு எண் 113இலிருந்து 376ஆக உயர்ந்திருப்பதால் முதல் முறையில் வரி சுமார் 10.7 லட்சம், இரண்டாவதில் 72 லட்சம் ஆதாயத்துக்கு 9 லட்சம் (செஸ்ஸும் கூடுதல் தீர்வையும் தனி). இரண்டாவது முறையில் 50 லட்சத்தைப் பத்திரத்தில் போட்டால் வரி 2.75 லட்சமாகக் குறையும். மிச்சமாகும் 6.25 லட்சத்தை ஐந்தாண்டுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 2.5 விழுக்காடு, வட்டியோடு சேர்த்தால் 7.75 விழுக்காடு. வங்கி வைப்பைவிடச் சற்று மேல் என்பதைத் தவிர இதில் பெரிய கவர்ச்சி இல்லை. வரி விகிதம் 20 விழுக்காடு மட்டுமே என்றிருந்த காலத்தில் இப்பத்திரத்துக்கு இருந்த மவுசு இப்போது குறைந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

எஞ்சிய பணம் எங்கே போகலாம் என்ற கேள்விக்கு, கட்டட வருமானத்தை விட மனமில்லாதவர்களுக்கு ‘ரீட்’ ஒரு விடை. அலுவலக வளாகங்களையும் வணிக வளாகங்களையும் வைத்திருக்கும் அறக்கட்டளை, அவற்றின் பங்கைச் சிறு அலகுகளாகப் பிரித்துப் பங்குச் சந்தையில் விற்பதே இம்முறை. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2014இல் இதற்கு விதிமுறைகளை வகுத்தது. 2019இல் எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் முதலாவதாகப் பட்டியலிடப்பட்டது. சென்னை வடபழனி விஜயா மால், நெக்சஸ் செலக்ட் டிரஸ்ட் என்ற இன்னொரு ரீட்டின் கையில் உள்ளது. பகிரத்தக்க வருமானத்தில் 90 விழுக்காட்டையாவது அலகுதாரர்களுக்குக் கொடுத்தாக வேண்டும், ஓர் அலகைக்கூட வாங்கலாம். ஆனால் கட்டடத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகளை ரீட்டிடம் ஒப்படைத்து அலகு பெறும் பெருமுதலாளிக்கு மட்டுமே வரி ஒத்திவைப்பு உண்டு; மாதா கோயில் வீதியில் வீடு வைத்திருப்பவர் முதலில் வரியைக் கட்டிவிட்டுத்தான் அலகு வாங்க முடியும்.

பூர்வீகச் சொத்து அண்ணன் தம்பி, அக்காள் தங்கை பெயர்களில் கூட்டாக இருந்தால், 50 லட்ச வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொருந்தும். இறப்புக்குப்பின் வாரிசுக்குப் போகும் சொத்தின் அடக்கவிலை அமெரிக்காவில் அன்றைய சந்தை மதிப்புக்கு உயர்ந்துவிடும். இங்கே தந்தை வாங்கிய விலையே மகளுக்கும் தொடர்வதால், விற்காமல் காத்திருப்பது வரியை அழிப்பதில்லை.

1962 ஆகஸ்ட் 16 அன்று காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில், பிரான்சில் வசிப்போருக்கு 54இசி பத்திரம் உண்டு. குறியீட்டுக் கணக்கைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மட்டும் கிடையாது. அவர்களிடம் வாங்குபவர் மூலத்திலேயே வரியைப் பிடித்தாக வேண்டும் என்பதாலும், சான்றிதழ் இல்லையெனில் ஆதாயத்தின்மீது மட்டுமன்றி முழு விலையின்மீதும் பிடித்துவிடும் வழக்கம் இருப்பதாலும், பத்திரப் பதிவுக்கு முன்பே வருமான வரி அலுவலரிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.