நாட்பட்ட மூச்சிரைப்பும் தேகப்பயிற்சியும்

சென்னைக்கு வடக்கே ஆரணியாறு வந்து கலக்கும் பழவேற்காட்டு ஏரியைச் சரித்திர மாணாக்கர் ஒல்லாந்தரின் கோட்டையைக் கொண்டு அறிவர். அவ்வேரிக்கரைக் குப்பங்களில் வாழ்வோரின் ஜீவனமோ வலையையும் துடுப்பையும் மீன்கூடையையும் பற்றியது. இம்மூன்றும் மூச்சின் வலிமையை வேண்டுவன. ஆகலின் நாட்பட்ட மூச்சிரைப்பு அங்கே ஒரு குடும்பத்தின் அன்றாட வருவாயையே அறுத்துவிடக்கூடியது.

பீடியும் சுருட்டும் இந்நோய்க்குப் பெருங்காரணங்கள் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின் பீடியைக் கையாலும் தொடாத பெண்மக்களும் இதனாற் பீடிக்கப்படுகின்றனர். காற்றோட்டமற்ற குடிசையிற் பல்லாண்டு விறகடுப்பின் புகையைச் சுவாசித்தமையே அதற்குக் காரணம். 2016-இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தால் வாயு அடுப்பு பல ஏழை இல்லங்களை எய்தியுள்ளது. எனினும் சிலிண்டர் வாங்கப் பணமில்லாத நாளில் மீண்டும் விறகே எரிகிறது.

புகையினாற் சுவாசக் குழல்கள் சுருங்கிவிடவே, உட்சென்ற காற்று முற்றும் வெளியேற மாட்டாது தங்குகிறது. பாதி நிறைந்த குடத்திற் புதுநீர் பெய்வது போலப் புதுக்காற்றுக்கு இடமில்லை. மூச்சிரைக்கிறதேயென்று நோயாளி நடையைக் குறைக்கிறார். வீட்டாரும் அன்பினால், “நீ உட்கார்ந்திரு” என்கின்றனர். இங்கேதான் பிழை நேர்கிறது. உழைப்பற்ற கால்களின் தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறு வேலைக்கும் விரைவிற் களைத்து, அதிகக் காற்றைக் கேட்கிறது. இரைப்பு முன்னினும் மிகுகிறது. சுவாசப்பையின் சேதத்தை மாற்ற இயலாவிடினும், தசையின் மெலிவை மாற்றலாகும்.

சுவாச நோயாளிக்குத் தேகப்பயிற்சி நன்றென்று அமெரிக்க வைத்தியர் சார்லஸ் டெனிசன் 1895-லேயே ஒரு நூல் எழுதினார். எனினும் ஓய்வே மருந்தென்ற எண்ணம் நெடுங்காலம் நீங்கவில்லை. 65 பரிசோதனைகளில் 3,822 நோயாளிகளைப் பற்றிய முடிவுகளைத் திரட்டி 2015-இல் வெளியான காக்ரேன் ஆய்வு, பயிற்சியால் இரைப்பும் களைப்பும் குறைவதை ஐயமற நிறுவிற்று.

முதற்கண் வைத்தியரைக் காண்டல் வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல் க்ஷயமாகவும் இருக்கலாமாதலால் சளிப் பரிசோதனை அவசியம். இன்ஹேலர் மருந்துக்குப் பயிற்சி மாற்றன்று, துணையே. வைத்தியர் இசைந்தபின் வாரம் மூன்று நாளேனும் நடத்தல் வேண்டும். மணலில் நடப்பது மிகுந்த பிரயாசையைத் தருமாகையால் கெட்டியான தெருவே தொடக்கத்திற்கு ஏற்றது. நடக்கையிற் பேச முடியவேண்டும், பாட முடியாதிருக்கவேண்டும். இதுவே தக்க வேகம். திண்ணையிலிருந்து கையூன்றாமற் பலமுறை எழுந்தமர்தல் தொடைக்கு நல்ல பயிற்சி. மார்புவலியோ தலைச்சுற்றலோ கண்டால் உடனே நிறுத்துக.

இரைப்பு மிகும்போது மூக்கால் இரண்டு எண்ணும் வரை உள்ளிழுத்து, விளக்கை ஊதுவார்போல் உதடு குவித்து நான்கு எண்ணும் வரை மெல்ல விடவேண்டும். குழல்கள் மூடிக்கொள்ளாமல் தங்கிய காற்று வெளியேற இது உதவும். முன்சாய்ந்து முழங்காலிற் கையூன்றி அமர்வதும் இதம் தரும். கையைத் தோளுக்கு மேல் உயர்த்தும் வேலையில் மூச்சுக்கு உதவும் தசைகளும் ஈடுபடுவதால் இரைப்பு விரைந்து வரும். ஆகவே கூடையைத் தூக்கும் கணத்தில் மூச்சை அடக்காது வெளிவிடுதல் நன்று.

குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் சென்றே பலன் தெரியும். ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தை ஒரே தெருவில் மாதந்தோறும் அளந்து குறித்துவந்தால், நோயாளி தம் முன்னேற்றத்தைத் தாமே காண்பார். நிறுத்திவிட்டாலோ பெற்ற பலன் சில மாதங்களிலேயே தேயத் தொடங்கும். ஆதலின் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வீட்டுக்குள்ளாவது எழுந்தமரும் பயிற்சியை விடலாகாது.